மலையாள எழுத்தில் தமிழ்ப் பாட்டு

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு பொருளை வாங்க வருகிறவன் முதலில் அதைத் திட்டுவான். சுக்கு என்றால் புழு இருக்கிறது என்பான், மிளகு என்றால் தூசி என்பான், ஏலக்காய் என்றால் போன வருசத்துச் சரக்கு என்பான். மூக்கைச் சுளித்து, உதட்டைப் பிதுக்கி, போவது போல நாலடி நடந்து, அப்புறம்தான் விலை கேட்பான். வேதமாணிக்கம் ஐயர் இந்த ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குப் போதகராக வந்து மூன்று வருடம் ஆகியும் இந்தச் சங்கதி அவருக்குப் பிடிபடவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அங்கே ஒருவன் சரியில்லை என்று சொன்னால் சரியில்லை என்றுதான் அர்த்தம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் கோயில் வாசலில் நின்று போகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்க வேண்டும். எவர் ஏற்படுத்திய வழக்கமோ, ஐயருக்கு அவர்மேல் தீராத கோபம். ஏனென்றால் இந்தச் சபையார் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள். கை அவர்களிடம் மாட்டியிருப்பதால் ஓடவும் வழியில்லை. குறைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும்.

"பிரசங்கம் நல்லா இருந்திச்சு ஐயா. ஆனா நீளமாக்கும். வீட்ல போய்ச் சேர்றதுக்குள்ள சோறு ஆறிப்போகுது" என்றார் ஞானதீபம் அக்கா.

அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய சொந்தத் தம்பியே, "என்ன ஐயா இன்னைக்கு சட்டுன்னு முடிச்சிட்டீங்க? ஏதாச்சும் சோலியா?" என்றார்.

அடுத்தது கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும் மாரிச்செல்வம். "அம்மைய ஆஸ்பத்திரியில வந்து பாத்தீங்களே ஐயா..."

"ஆமா, இப்ப எப்படி இருக்காங்க?"

"வராம இருந்திருக்கலாம். ஆண்டவர் சித்தம்போல ஆகட்டும்னு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டீங்க. டாக்டர் என்னமோ உங்ககிட்ட தனியா சொல்லியிருக்காருன்னு நெனச்சு அம்மை ரெண்டு நாளா கஞ்சிகூட குடிக்கல."

ஐயர் சிரித்துக்கொண்டே நின்றார். போதகர்களுக்கென்று ஒரு சிரிப்பு உண்டு. பல்வலிக்காரன் போட்டோவுக்கு நிற்பது போல இருக்கும்.

கடைசியாக வந்தார் மாசிலாமணி அண்ணாச்சி. பஜார் ரோட்டில் சுக்குத் தரகர், சபைக் கமிட்டியின் செயலர். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தங்க ஃபிரேம் கண்ணாடி, மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, சரக்குக் கிட்டங்கியின் அந்தக் கோடியில் மூட்டை தூக்குகிறவனையும் இருந்த இடத்திலிருந்தே நிறுத்துகிற குரல். அந்தக் குரலுக்காகவே ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிற உரிமை அவருக்கு. வாசிக்கும்போது பாதி நேரம் புத்தகத்தைப் பார்க்க மாட்டார். தலையைத் தூக்கி, கண்ணை மூடி, வசனங்களைக் கூரை மோட்டை நோக்கி அனுப்புவார். கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். ஐயருக்கும் புல்லரிக்கும், அவர்மேல் கோபமில்லாத நாட்களில்.

அண்ணாச்சி மட்டும் நீட்டிய கையைத் தொடவில்லை.

"வர்ற ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு சபைக் கூட்டம் ஐயா. நான் ரெண்டு தீர்மானம் கொண்டு வாரேன். ஒண்ணு, அந்தத் தாளையெல்லாம் வாங்கி அடுப்புல போடணும். ரெண்டாவது, உங்களுக்கு வேற எடம் பாத்துக் குடுக்கச் சொல்லி பேராயருக்கு எழுதணும். முன்னாடியே சொல்லிட்டேன். பொறத்தால குத்துற பழக்கம் எனக்கில்ல."

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்றார் ஐயர்.

தாள் என்று அவர் சொன்னது பாட்டுத் தாளை. அதுதான் அந்த மழைக்காலத்தில் சபையை இரண்டாகக் கிழித்த விவகாரம்.

விஷயம் இவ்வளவுதான். சபையின் பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், சண்டை என்றால் இன்னும் நல்ல தமிழ் பேசுவார்கள். ஆனால் தமிழ் எழுத்தைக் காட்டினால் கோலத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வேகாத கல்லுமக்காய்ச் சிப்பி மாதிரி வாயை இறுக்கி மூடி, பின் வரிசையில் நிற்பார்கள். பிறகு நிற்பதையும் விட்டார்கள். எர்ணாகுளத்தில் ஏசி போட்ட மண்டபத்தில், டிரம்ஸ் அடித்து, பாட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டுகிற ஆராதனைகள் எத்தனையோ இருக்கின்றன, அங்கே போய்விட்டார்கள். பின் வரிசை பெஞ்சுகளில் மழைக்காலத்தில் குடை வைக்க ஆரம்பித்தார்கள்.

வேதமாணிக்கம் ஐயர் யோசித்து யோசித்து ஒரு வேலை செய்தார். தமிழ்ப் பாட்டுகளை அப்படியே மலையாள எழுத்தில் அடித்துத் தாளாகக் கொடுத்தார். சத்தம் தமிழ், சட்டை மட்டும் மலையாளம். பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். எர்ணாகுளத்தில் மொபைல் கடையில் இருக்கும் நிகில், போனவர்களில் பாதிப் பேரைத் திரும்ப இழுத்து வந்தான். பின் வரிசையிலிருந்து குடைகள் வெளியேறின.

பெரியவர்கள் கொதித்துப் போனார்கள். தமிழ்ச் சபைக்குள் மலையாள எழுத்தா? கொச்சியில் நமக்கென்று இருப்பது இந்த ஒரு கூரை, அதன் அடியிலுமா? கமிட்டியில் மாசிலாமணி அண்ணாச்சி அந்தத் தாளைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "கேளுங்க ஐயாவோட கைங்கரியத்த" என்று முதல் பாட்டைக் கேலிக் குரலில் மூன்று சரணமும் நிறுத்தாமல் வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எரிச்சலில் இருந்த ஐயருக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

தோன்றியது, அண்ணாச்சி தீர்மானங்களை அறிவித்ததற்கு அடுத்த ஞாயிறு.

வாசிப்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் உண்டு. யாரோ காணிக்கையாகக் கொடுத்தது. அதைப் போட்டால் ஒரு கூட்டம் தும்மும், நிறுத்தினால் ஒரு கூட்டம் விசிறும், இரண்டுக்கும் ஐயர்தான் காரணம். அன்று புழுக்கம் தாங்காமல் யாரோ அதை மேசைக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார்கள். அண்ணாச்சி எழுந்து வந்தார். தொண்டையைச் செருமினார். மேய்ப்பனையும் ஆடுகளையும் பற்றிய பகுதியைத் தொடங்கினார். மூன்றாவது வசனத்தில் அவர் கண்ணை மூடி மோட்டைப் பார்த்த நேரத்தில், காற்று ஒரு கத்தைத் தாளைச் சேர்த்துப் புரட்டியது.

ஐயருடைய நாற்காலி அவருக்கு நேர் பின்னால், ஒரு படி உயரத்தில். திறந்து கிடந்த பக்கம் தெளிவாகத் தெரிந்தது. இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று போகிற வம்ச வரலாறு. அண்ணாச்சி கண்ணைத் திறந்து குனிந்தார். வலது கை ஆள்காட்டி விரலை வரியின்மேல் வைத்தார். விரல் அப்பனையும் மகனையும் பேரனையும் தாண்டித் தாண்டி நகர, வாய் பசும்புல்லையும் தண்ணீரையும் பற்றி உருகிக்கொண்டிருந்தது. பகுதி முடியும் இடத்தில் விரலும் போய் ஒரு தாத்தாவின்மேல் நின்றது. திருப்தியாகப் புத்தகத்தை மூடினார்.

ஐயர் முதலில், என்ன மனப்பாடம், என்ன பக்தி என்றுதான் வியந்தார். மனப்பாடம் சரி, அப்புறம் விரல் எதற்கு? தமிழ் படிக்கத் தெரிந்தவன் குனிந்த கணமே திடுக்கிட்டிருப்பானே? கமிட்டியில் அறிக்கை வந்தால் "நீங்க வாசிங்க, கேப்போம்" என்று தள்ளிவிடுவது, துக்க வீட்டில் இரங்கல் உரையை மாரிச்செல்வத்தின் கையில் கொடுப்பது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் அந்தத் தாள். மலையாள எழுத்து, மூன்று சரணம், ஒரே மூச்சு.

அன்று ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று அவருக்கே நினைவில்லை.

வீட்டில் அவர் மனைவி ரூபி மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த ஊர்க்காரர்கள் கப்பை என்று சொன்னால் தன்னிச்சையாகத் திருத்துகிறவள். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறிவிட்டது.

"மூணு மாசமா தமிழக் காட்டிக் குடுத்தவன்னு உங்கள ஊர் முழுக்கப் பேசவச்சவரு. அவருக்கு அனா ஆவன்னா தெரியாது! கூட்டத்துல ஒண்ணும் சண்டை போடாதீங்க. பாட்டுப் புத்தகத்த எடுத்து அவர் கையில குடுங்க. அண்ணாச்சி, ஒரு சரணம் வாசிங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ரெண்டு தீர்மானமும் வெந்த கெழங்குதான்."

"போதகர் செய்ற காரியமா அது?"

"அவர் செய்றது செயலர் செய்ற காரியமா?"

ஐயருக்கு உள்ளுக்குள் ஆசையும் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமை முழுவதும் அந்தக் காட்சியை மனதிற்குள் நடத்திப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைப்பார். வெளிச்சம் போதவில்லை என்பார். சபை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். செவ்வாய்க்கிழமை மறுபடி நடத்தினார், இன்னும் சில வசனங்கள் சேர்த்து. புதன்கிழமை ஜெபிக்க உட்கார்ந்து, "ஆண்டவரே, இத என் கையில குடுத்தது நீர்தானே?" என்று நேராகவே கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. ஆண்டவர் சபைக் கமிட்டியில் இல்லாதவர்; அதனால் எதற்கும் அவசரப்படுவதில்லை.

வியாழக்கிழமை மிளகு வாங்க மொய்துவின் கடைக்குப் போனார். மொய்து கோயிலுக்கு எதிர்க் கடைக்காரர், பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், ஐயர் வயதுக்காரர். எதிரே கோயில் இருப்பதால் அந்தச் சபையின் வம்புகள் கமிட்டிக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும்.

"என்னய்யரே, பெட்டி கட்டியாச்சா?" என்றார் மொய்து.

"கட்டவச்சிடுவார் போலிருக்கு."

"யாரு, அண்ணாச்சியா? சே! வேணாம்னு நெனைக்கிற சரக்க எந்த வியாபாரி இவ்வளவு நேரம் கையில வச்சிக் கொற சொல்லுவான்? பாக்காம போயிடுவான். உங்களுக்கு முன்னால இருந்த ஐயரப் பத்தி அவரு ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல. உங்களப் பத்தி பேசாத நாளில்ல. நேரா கிட்டங்கிக்குப் போய்ப் பேரம் பேசுங்க."

"கூட்டத்துலயே பேசிக்கலாம்னு பாக்கறேன்" என்றார் ஐயர். குரலில் இருந்த குஷி மொய்துவின் காதில் விழுந்துவிட்டது.

"என்ன வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்" என்றார் மொய்து, மிளகைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே. "ஆனா நாலு பேர் முன்னால ஒரு வியாபாரிய எறக்கிட்டா, அதோட அவன் முடிஞ்சான். பொறவு அந்தத் தெருவுல அவன் நிக்க மாட்டான். அவன் போகணும்னா அப்படிச் செய்யுங்க. இருக்கணும்னா செய்யாதீங்க."

மிளகுப் பொட்டலத்தோடு வெளியே வந்த ஐயருக்குச் சகிக்க முடியாத எரிச்சல் வந்தது. கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டு, அதையும் இந்த மனிதர் தொட முடியாமல் செய்துவிட்டார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கால்கள் பஜார் ரோட்டுக்குப் போயின.

கிட்டங்கிக்குள் நுழைந்ததுமே சுக்குத் தூசி மூக்கில் ஏறியது. ஐயர் அடுத்தடுத்துத் தும்மினார்.

"எங்க சுக்கும் ஐயாவுக்கு ஒத்துக்கல, எங்க ஊரும் ஒத்துக்கல" என்றார் அண்ணாச்சி, நாற்காலியிலிருந்து எழாமல். "மன்னிப்புக் கேக்கிறதுன்னா கூட்டத்துல வச்சிக் கேளுங்க. இங்க சாட்சியில்ல."

ஐயர் உட்கார்ந்தார். "போன ஞாயிறு நீங்க வேதபாடம் வாசிக்கையில நான் பின்னால இருந்தேன் அண்ணாச்சி."

"எப்பவும் அங்கதான இருப்பீங்க."

"ஃபேன் காத்துல பக்கம் பொரண்டுட்டு. நீங்க வாசிச்சது மேய்ப்பனப் பத்தி. தொறந்து கெடந்தது வம்ச வரலாறு."

அண்ணாச்சி மேசைமேல் கிடந்த சுக்குத் துண்டு ஒன்றை எடுத்து ஒடித்தார், முகர்ந்தார், கீழே வைத்தார். வெளியே தராசில் மூட்டை ஏற்றுகிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வெல என்ன?" என்றார்.

"வெலயா?"

"சரக்க மேசையில வச்சாச்சு. வெலய சொல்லணும்லா."

"வெலயெல்லாம் ஒண்ணுமில்ல. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அத சொல்லத்தான் வந்தேன்."

வழியெல்லாம் அவர் அப்படி நினைத்து வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, பரவாயில்லையே, நாமும் நல்ல போதகர்தான் என்று தன்மேல் லேசான மதிப்பும் வந்தது. ஆனால் அண்ணாச்சியின் முகம் தெளியவில்லை. முன்னைவிடக் கறுத்தது.

"சும்மா தர்ற சரக்க நான் வாங்குறதில்ல ஐயா. இன்னைக்கு சும்மான்னு சொல்லுவீங்க. நாளைக்கு நான் ஏதாச்சும் எதுத்துப் பேசையில, பாட்டுப் புத்தகத்த லேசா தொட்டுப் பாப்பீங்க. சாகுற வரைக்கும் நான் உங்க கையப் பாத்துக்கிட்டே இருக்கணும். வேணாம். இப்பவே சொல்லுங்க, இப்பவே தீத்துக்குவோம்."

ஐயருக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிருபை இலவசம், கிருபை இலவசம் என்று ஞாயிறுதோறும் தொண்டை வறளக் கத்துகிறார். அதற்கு முன்னால் பாடம் வாசிக்கிற மனிதர், இலவசம் என்றதும் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். இவரிடம் எதையும் கொடுக்க முடியாது, விற்கத்தான் முடியும். சரி, விற்போம்.

"ரெண்டு தீர்மானமும் வாபஸ்" என்றார்.

அண்ணாச்சியின் தோள்கள் உடனே தளர்ந்தன. பேரம் என்றதும் மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. "ரெண்டுமா? நடக்காது. ஊரெல்லாம் சொல்லியாச்சு, நான் எப்படி மொகத்தக் காட்டுவேன்? ஒண்ண விட்டுத் தாரேன்."

"எத?"

"நீங்க இருங்க. தாள் போகணும்."

"தாள் இருக்கட்டும்" என்றார் ஐயர். "நான் போறேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அவருடைய அனுபவத்தில் தன் சரக்கைத் தானே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிற வியாபாரியை அவர் கண்டதில்லை.

"என்ன ஐயா இது? பேரம் பேசுற லட்சணமா? நான் ஒரு வெல சொன்னா நீங்க ஒரு வெல சொல்லணும். எடுத்தவொடன கடையச் சாத்திட்டுப் போறேங்கிறீங்க."

"பிள்ளைங்க பாடுதுங்க அண்ணாச்சி. மூணு வருசமா இங்க நான் உருப்படியாச் செஞ்சது அது ஒண்ணுதான். அத அடுப்புல போட்டுட்டு நான் இருந்து என்ன பண்ண? உங்க கூட ஃபேன் சண்டை போடவா?"

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். பிறகு குரலை இறக்கினார்.

"ஒரு பக்கம் தமிழெழுத்து, மறுபக்கம் மலையாள எழுத்து. தாள் இருக்கும், தமிழும் இருக்கும். இது நான் சொன்னதா இருக்கணும்."

"சரி."

"இத ஆரம்பத்துலயே செய்யாதது உங்க தப்பு. அத நீங்க கூட்டத்துல எழுந்திருச்சி ஒத்துக்கணும்."

"தாளையே நான்தானய்யா போட்டேன்!"

"ஒரு பக்கமா போட்டீங்க. அது தப்புதான? நீங்க ஒத்துக்கிட்டா, எறங்கினது நீங்கன்னு இருக்கும். இல்லன்னா நான் எறங்கினதா ஆயிடும். எனக்கு அது கட்டாது."

"என் பேரு கெடுமே?"

"உங்க பேருக்கு என்ன ஐயா, ஏற்கெனவே அடிபட்டதுதான. அதுல இன்னொரு அடி தெரியவா போகுது?"

இந்தக் கணக்கில் பிழை காண ஐயரால் முடியவில்லை. சம்மதித்தார். சாயா வரவழைக்கப்பட்டது. குடித்து முடிக்கும்போது அண்ணாச்சி, ஐயரிடம் இல்லை, எதிரே குவிந்திருந்த சுக்கிடம் பேசினார்.

"அப்பா மலையாளப் பள்ளிக்கூடத்துல போட்டாரு. கணக்கு எழுத அது போதும்னாரு. சனிக்கிழம பூராவும் வீட்டுக்காரி வாசிப்பா, நான் கேட்டுக் கேட்டு மனசுல ஏத்துவேன். நீளமான பாடம் வந்தா வெள்ளிக்கிழமையே தொடங்கிருவோம்."

"எழுத்துப் படிக்கிறது பெரிய காரியமில்ல அண்ணாச்சி. நான் வேணும்னா..."

"சாயா ஆறுது ஐயா" என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வராதவர்கள் இல்லை. மாசிலாமணி அண்ணாச்சி எழுந்தார். தமிழின் பெருமையில் ஆரம்பித்தார். தாத்தா மூட்டை சுமந்த கதையைச் சொன்னார். பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தானே என்று குரல் கம்மச் சொன்னார். பிறகு, இரவெல்லாம் தூங்காமல் யோசித்துக் கண்டுபிடித்தது போல, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாள எழுத்து என்று அறிவித்தார். கூட்டம் அசந்துபோனது. ஞானதீபம் அக்கா கண்ணைத் துடைத்தார். இவ்வளவும் ஒப்பந்தப்படி.

கைதட்டல் மனிதரைக் கெடுத்தது. அதற்கு மேலும் போனார்.

"இந்தச் சின்ன விசயம் ஐயாவுக்கு ஏன் தோணல? மூணு வருசமா தூக்கமாக்கும். பிள்ளைங்க எர்ணாகுளம் ஓடினப்ப இவரு எங்க இருந்தாரு? ஐயா வீட்டம்மாவும் கொஞ்சம் சிரிச்ச மொகமா நாலு பிள்ளைங்ககிட்ட பேசியிருந்தா..."

ரூபி பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்தாள். அவள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. தன் கணவரைப் பார்த்தாள்; பிறகு, அவர் முன்னால் மேசையில் இருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி கணவரைப் பார்த்தாள்.

வேதமாணிக்கம் ஐயர் எழுந்தார். காது இரண்டும் சூடாகிவிட்டன. தூக்கமாம்! இவருக்காகத் தன் பெயரை விற்றாகிவிட்டது, இப்போது மனைவியையும் கொசுறாகக் கேட்கிறார். கை தானாகப் போய்ப் புத்தகத்தை எடுத்தது. அண்ணாச்சியின் வாய் அப்படியே நின்றது. புத்தகத்தையும் அதைப் பிடித்திருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்டங்கியில் அவர் சொன்னது இதைத்தான். லேசாகத் தொட்டுப் பார்ப்பீர்கள் என்று. ஐயருக்கு அது அந்த நேரத்தில் உறைத்தது; உறைத்ததே எரிச்சலாகவும் இருந்தது. நியாயமான கோபத்தைக்கூட நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை.

புத்தகத்தைப் பின்னால் இருந்த அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி சொன்னதுல ரூபியப் பத்தினது தப்பு" என்றார். "அவ சிரிக்காததுக்குக் காரணம் பிள்ளைங்க இல்ல, இந்தக் கமிட்டி." கூட்டம் சிரித்தது. "மத்தது சரிதான். தாள்ல தமிழெழுத்த விட்டுட்டது என் தப்பு. பிள்ளைங்க போனப்ப பின்னாலயே போகாததும் என் தப்பு. மன்னிச்சிருங்க."

அண்ணாச்சி உட்கார்ந்தார். பின், யாரோ ஞாபகமாக இரண்டாவது தீர்மானத்தைப் பற்றிக் கேட்டபோது, உட்கார்ந்தபடியே, "ஐயாதான் ஒத்துக்கிட்டாரே. இருந்துட்டுப் போகட்டும். நாம பாத்துக்குவோம்" என்றார்.

வெளியே நிகில் காத்திருந்தான். தாள் பிழைத்ததற்கு நன்றி சொல்லப் போகிறான் என்று ஐயர் நினைத்தார்.

"என்ன ஐயா இப்படிப் பண்ணிட்டீங்க? நாங்க பத்துப் பேரு உங்களுக்காகப் பேச ரெடியா நின்னோம். அந்தச் சேட்டன் எல்லாம் அவரு செஞ்ச மாதிரி பேசுறாரு, நீங்க மன்னிப்புக் கேக்குறீங்க. கொஞ்சம் நட்டெல்லு வேணும் ஐயா" என்று தன் முதுகைத் தட்டிக் காட்டினான்.

வீட்டில் ரூபி மீன் குழம்பில் வால் துண்டாகப் பார்த்து அவர் தட்டில் போட்டாள்.

அந்த மாதக் கடைசியில் புதுத் தாள்கள் வந்தன. முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். அண்ணாச்சி முதல் வரிசையில் தாளைத் தமிழ்ப் பக்கமாகப் பிடித்திருந்தார். மோட்டைப் பார்த்துப் பாடினார். இரண்டாம் சரணத்தில் விசிறிக்கொள்வது போலத் தாளை ஒருதரம் ஆட்டினார். ஆட்டம் நின்றபோது அது மறுபக்கமாக இருந்தது. அதன்பின் அவர் மோட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, விரல் வைக்காமல், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பாடினார். புல்லரிக்கிற குரல் இல்லை அது. கொஞ்சம் தயங்கியது, பிந்தியது, ஓரிடத்தில் அடுத்தவர்களை முந்தியது. ஐயர் தான் பாட வேண்டிய அடியை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆராதனை முடிந்து, ஐயர் உள்ளறையில் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்தார். கதவைச் சாத்தினார். தாள் கையில் இருந்தது.

"எழுத்து ரொம்பப் பொடிசு ஐயா. இத யாரு அடிச்சது? மலையாளப் பக்கம் வாசிக்கவே முடியல. ஒரு காரியத்த உருப்படியா செய்ய மாட்டீங்களா? அடுத்த தடவ பெரிசா போடச் சொல்லுங்க."

"தமிழ்ப் பக்கத்தையும் பெரிசாக்கணுமா?"

"அது அப்படியே கெடக்கட்டும்" என்றார் மாசிலாமணி அண்ணாச்சி. "அத யாரு பாக்கப் போறா?"

ஐயர் பாதி கழற்றிய அங்கிக்குள் தலையை வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை அதற்குள்ளேயே நின்றார்.